வெளிக்கிடும்போது கேட்கக்கூடாத கேள்வி

சோதிலிங்கத்தை இத்தாலியின் பலேர்மோத் தமிழர்களுக்கு 'ரிக்கற் சோதி' என்றால்தான் தெரியும். காலையில் அவன் சீசா என்ற பகுதியின் அடுக்குமாடிகளில் படிக்கட்டுக் கழுவுகிறவன். மேல்மாடியில் தொடங்கி, வாளியும் தடியுமாக ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, வாசல் கதவின் பித்தளைப் பிடியைத் துடைத்து முடிக்கும்போது முதுகு விட்டுப்போயிருக்கும். மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழும்பி, மடிப்புக் குலையாத சேர்ட்டைப் போட்டானென்றால் ஆளே வேறு. கக்கத்தில் தோற்பையை இடுக்கிக்கொண்டு ரஜொனியேரேயின் கடைக்கு நடப்பான். ரஜொனியேரே என்றால் கணக்கர் என்று பொருள். அந்த மனிதர் எப்போதோ கணக்குப் படித்ததோடு சரி, நடத்தியது பயண முகவர் கடை. ஊருக்குப் போகிற தமிழர்களை ரிக்கற் எடுக்க அந்தக் கடைக்குப் பிடித்துக் கொடுப்பது சோதியின் பின்னேர வேலை.

விமானச் சீட்டோடு ஒரு காப்புறுதிப் பத்திரமும் போகும். போன இடத்தில் வருத்தம் வந்து படுத்தால் ஆஸ்பத்திரிச் செலவைக் கொம்பனி பார்க்கும். இதைக் கண்டவன் நின்றவனெல்லாம் விற்க முடியாது. அரசாங்கத்தின் பதிவில் பெயர் இருக்க வேண்டும். வாங்குகிற ஆளை முன்னுக்கு இருத்தி, அவருடைய உடம்பைப் பற்றிய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சொல்கிற பதிலைக் குறித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ரஜொனியேரேயிடம் அந்த அனுமதி இருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு மேசைக்கு மேலே மாட்டியிருந்தார். சோதியிடம் இல்லை. "நீ வெளிநாட்டான், உன்னைப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். நீ நிரப்பிக் கொண்டுவா, முத்திரையை நான் குத்துகிறேன்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சோதியும் நம்பிக்கொண்டான். அவனுக்கு அது வசதியான நம்பிக்கை.

கேள்விகள்தான் கரைச்சல். நெஞ்சு வருத்தம் உண்டா, சீனி வருத்தம் உண்டா, வைத்தியம் செய்ததுண்டா என்று பயணம் வெளிக்கிட நிற்கிற எங்கள் சனத்திடம் போய்க் கேட்டுப் பாருங்கள், தெரியும். எங்கே போகிறாய் என்று கேட்டாலே திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற சனம் இது. வாய் தவறியும் போறன் என்று சொல்லாது, போட்டு வாறன் என்றுதான் சொல்லும். தொடக்கத்தில் அம்பிகை என்ற மனுசியிடம் சோதி ஒழுங்காகக் கேட்கத்தான் கேட்டான். அவள் நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசிக்கொண்டு, உன்னுடைய சீட்டும் வேண்டாம் நீயும் வேண்டாம் என்று எழும்பிப் போய்விட்டாள். அன்றோடு அவன் கேட்பதை விட்டான். எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்ற பெட்டியில் தானே புள்ளடி போட்டுவிடுவான். கூடுதல் காசு எதற்கென்று கேட்டால், சீட்டுக்கு மேலே வரி என்பான். காப்புறுதி என்ற சொல்லே அவன் வாயில் வராது. சனமும் எங்கே கையெழுத்து என்று கேட்டு வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு விமானம் ஏறும்.

கிறிகோரிக்கும் அப்படித்தான் நடந்தது.

கிறிகோரியும் மனைவி அகஸ்ரீனாவும் மன்னார், பேசாலை ஆட்கள். அல்பெர்கேரியா ஒழுங்கையில் சோதியின் குடும்பம் இருந்த பழைய வீட்டின் மேல்மாடிதான் அவர்களுக்கு. கிறிகோரிக்கு ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் வேலை. விடிய முதல் பஸ்ஸில் போய், கணவாயும் சிப்பியும் கழுவி, சாக்குச் சாக்காக ஐஸ் உடைத்துக் கொட்டுவான். கடலில் வலை இழுத்த தோள் அது. போன வருசம் அந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நின்று டாக்குத்தர் சொன்னதையெல்லாம் தமிழில் சொன்னவன் சோதிதான். நாக்குக்குக் கீழே வைக்கிற சின்னக் குளிசை கிறிகோரியின் சேர்ட் பையில் எப்போதும் இருந்ததும் அவனுக்குத் தெரியும்.

அதனால்தான், தங்கச்சியின் கலியாணத்துக்குக் கொழும்புக்குப் போகக் கிறிகோரி சீட்டுக் கேட்டபோது, சோதி கேள்வித்தாளை வெறுமையாகவே மேலே கொண்டுபோனான். நெஞ்சு வருத்தத்துக்கும் அந்தக் கொம்பனியில் இடமுண்டு, கொஞ்சம் கூடக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். அறை நடுவில் பெட்டி திறந்து கிடந்தது. அகஸ்ரீனா ஒலிவ் எண்ணெய்த் தகரங்களைச் சேலைக்குள் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கிறிகோரி, இதிலை ஒரு சின்னக் கேள்வி கிடக்கு. உன்ரை அந்த நெஞ்சு வருத்தத்தை..."

"என்ரை யேசுவே!" அகஸ்ரீனா தகரத்தை வைத்துவிட்டு எழும்பினாள். "அண்ணை, பயணம் வெளிக்கிடுற வீட்டுக்குள்ளை நிண்டுகொண்டு என்ன கதை கதைக்கிறியள்?"

"இல்லைப் பிள்ளை, நான் கேக்கேல்லை. கொம்பனிக்காரன் கேக்கிறான்."

"அவனுக்கென்ன, கேப்பான். அவர் என்ன செத்த வீட்டுக்கே போறார்? கலியாண வீட்டுக்குப் போறார். அந்தப் பேப்பரை மடிச்சு உள்ளுக்கை வையுங்கோ முதல்."

கிறிகோரி சிரித்தான். "விடுங்கோ சோதியண்ணை, இவளோடை ஏலாது. நீங்கள் வழமையாச் செய்யிறதைச் செய்யுங்கோ. எங்கை கையெழுத்து?"

சோதி இடத்தைக் காட்டினான். கீழே வந்து, குசினி மேசையில் வைத்து, எல்லாவற்றுக்கும் வழமைபோல 'இல்லை' போட்டான்.

கலியாணம் நல்லபடி முடிந்தது. அதற்கடுத்த கிழமை கொழும்பிலிருந்து ரெலிபோன் வந்தது. மாப்பிள்ளை வீட்டு விருந்தில் கிறிகோரி சாய்ந்துவிட்டான். தனியார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்ய வேண்டும், பிந்தினால் சொல்ல முடியாது, காசுக்குப் பொறுப்பு யார் என்று எழுத்தில் வந்தால்தான் கத்தி வைப்போம் என்கிறார்கள். அகஸ்ரீனா தலைவிரி கோலமாகப் படிகளில் ஓடி வந்தாள். சோதியின் மனைவி குகனேஸ்வரி அவளைப் பிடித்து இருத்தித் தண்ணீர் கொடுத்தாள்.

"அழாதை பிள்ளை," என்றான் சோதி. "நான் உங்களட்டைச் சொல்லேல்லை. வரி எண்டு வாங்கினது வரியில்லை, காப்புறுதி. ஆஸ்பத்திரிக் காசு முழுக்கக் கொம்பனி கட்டும்."

"மெய்யாவே அண்ணை?"

"மெய்தான். நாளைக்கே அறிவிக்கிறன்."

அவள் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சோதிக்கு அது பிடித்திருந்தது. சும்மா சொல்லக்கூடாது, தான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று அன்று முழுக்க நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். நெஞ்சு வருத்தம் 'இல்லை' என்று தான் போட்ட புள்ளடி அவனுக்கு ஞாபகமே வரவில்லை.

கொம்பனிக்கு ஞாபகம் வந்தது. போன வருசத்து ஆஸ்பத்திரித் துண்டுகளைத் தேடிப் பிடித்து, இருந்த வருத்தத்தை மறைத்துக் கையெழுத்து வைத்திருக்கிறார், ஆகவே ஒரு சதமும் தர முடியாது என்று எழுதிவிட்டது. பேப்பரில் ஏதோ பிழை, காசு நிற்கிறது என்று மட்டும் சோதி அகஸ்ரீனாவுக்குச் சொன்னான். அகஸ்ரீனா வேலைக்குப் போகிற வீட்டு எசமானி, அந்தச் சிஞ்ஞோரா, படித்த மனுசி. கடிதத்தை வாசித்த அவளுக்குக் கோபம் வந்து, காப்புறுதி விற்கிறவர்களைக் கண்காணிக்கிற அரச அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதிவிட்டாள்.

அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி ரஜொனியேரேயின் கடைக்கு வந்தாள். சட்டம் போட்டு மாட்டியிருந்த அனுமதியை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு சோதியைப் பார்த்தாள். கிறிகோரிக்கு முன்னால் உட்கார்ந்து கேள்விகளைக் கேட்டது யார் என்றாள். ரஜொனியேரே மேசையிலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார். அவள் அதட்டவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி இத்தாலியனில் நிதானமாகச் சொன்னாள். வாங்கியவர் தானே பொய் சொல்லியிருந்தால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. அனுமதியில்லாத ஒருவன் கேள்வியைக் கேட்காமலே நிரப்பியிருந்தால் அது வாங்கியவரின் பிழையில்லை, கொம்பனி கட்டியே ஆக வேண்டும், நிரப்பினவனும் முத்திரை குத்தினவரும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நோயாளியின் மனைவியை விசாரிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வா என்று சோதியிடம் சொன்னாள்.

அவள் போன பிறகு ரஜொனியேரே சோதியைக் கோப்பிக் கடைப் பக்கம் கூட்டிப்போனார். கோப்பி வாங்கிக் கொடுத்தார். தோளில் கை போட்டார். "எனக்கு வழக்கு வந்தால் வக்கீல் இருக்கிறார். உனக்கு வழக்கு வந்தால் இந்த நாட்டில் இருக்க விடுகிற பெர்மெஸ்ஸோ போகும், குடும்பத்தோடு விமானம் ஏறுவாய். சீட்டு நானே போட்டுத் தருவேன்," என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் கோபமே இல்லை.

அந்தக் கிழமை ஆபிரிக்காப் பக்கத்திலிருந்து சிரோக்கோக் காற்று வீசியது. அடுப்புக்கு முன்னால் முகத்தைக் கொடுத்த மாதிரி இருந்தது. பலறோச் சந்தையின் சிவப்புப் படங்குகள் படபடவென்று அடித்தன. குழாயில் தண்ணீர் வருகிற முறை தவறிப்போய், எல்லா வீடுகளிலும் பிளாஸ்ரிக் கான்கள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. சோதி படிக்கட்டுக் கழுவ ஒரே வாளித் தண்ணீரை நாலு மாடிக்கும் பாவித்தான். கீழ்மாடிக் கிழவர் ஒருவர், சேற்றைத்தான் பூசிவிட்டுப் போகிறாய் என்று ஏசினார். சோதி வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

வியாழக்கிழமை குகனேஸ்வரி குசினியில் நீட்டுச் சுரைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். தகரப் பால் விட்டு வெள்ளைக்கறி வைத்தால் அது ஊர்ச் சுரைக்காய் மாதிரியேதான் இருக்கும். செய்தி வந்த நாளிலிருந்து அவள்தான் அகஸ்ரீனாவுக்கும் சேர்த்துச் சமைத்து மேலே அனுப்பிக்கொண்டிருந்தாள். சோற்றுக் கோப்பை பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும். அவர்களுடைய இரண்டு பெட்டைகள், துசானியும் கேசிகாவும், முன்னறையில் இத்தாலியனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உண்மையைச் சொன்னா என்னப்பா நடக்கும்?" என்று குகனேஸ்வரி கேட்டாள்.

"வழக்குத்தான். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நேரமும் வருகுது. வழக்குள்ளவனுக்குக் குடுப்பாங்களோ, ஆருக்குத் தெரியும்?"

"சொல்லாட்டி?"

"கிறிகோரி மறைச்சவன் எண்டு போகும். ஒரு சதமும் வராது."

அவள் சீவிக்கொண்டே இருந்தாள். காயில் பாதி தோலோடு போய்க்கொண்டிருந்தது.

"உதிலை ரெண்டு பெட்டையள் நிக்குதுகள்," என்றாள் கடைசியில்.

"அது எனக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சாச் சரி."

"குகனா, அவன் அங்கை கிடக்கிறான்."

"நான் என்னப்பா செய்யட்டும்? உங்கடை ஊரிலை எங்களுக்கு வீடிருக்கே திரும்பிப் போக? ஆமி குந்தியிருக்கிற வீட்டுக்கே இதுகளைக் கூட்டிக்கொண்டு போறது? சனத்திட்டைக் காசு சேப்பம். கோயிலிலை சொல்லுவம், அவையின்ரை பாதரும் சேர்ச்சிலை சொல்லுவார். நான் என்ரை காப்பைத் தாறன்."

"ஒப்பரேசனுக்குக் காணுமோ?"

"காணாது. காணாது எண்டு எனக்கும் தெரியும்!" அவள் கத்தியைப் போட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "நான் நல்ல மனுசியாத்தான் இருந்தனான். இப்ப என்னை இப்பிடிக் கதைக்க வைச்சிட்டியள்."

சோதி கத்தியை எடுத்து மேசையில் வைத்தான். "அகஸ்ரீனாவட்டைச் சொல்லப் போறன், ஒரு கேள்வியும் கேக்கேல்லை எண்டு சொல்லச் சொல்லி. அவள் தன்ரை வாயாலை சொல்லட்டும். பிறகு வாறது வரட்டும்."

"போங்கோ. உங்கடை கழுத்தை நீங்களே வெட்டக் குடுக்கிறதெண்டா நான் பிடிச்சே வைக்கிறது?" என்றாள். ஆனால் கோப்பையில் சோறு போட்டுக் கறியும் விட்டு அவன் கையில் கொடுத்தாள்.

அவன் படியேறிப் போனான். அகஸ்ரீனா மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். அவனைக் கண்டதும் செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழும்பி, கதிரையைத் துடைத்து வைத்தாள். அவள் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"அண்ணை, நாளைக்கு நான் என்ன சொல்லவேணும்?"

சொல்ல வேண்டியது முழுவதும் அவன் நாக்கு நுனியில் இருந்தது. கீழேயிருந்து கேசிகா சிரிக்கிற சத்தம் கேட்டது.

"கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லு பிள்ளை. அது காணும்," என்றான். கோப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் யன்னல்களைப் பூட்டி, மின்விசிறியைப் போட்டிருந்தார்கள். வாசலில் சீருடை போட்ட காவலாளி ஒருவன் இடுப்பில் துவக்கோடு நின்றான். இலங்கை மொழி தெரிந்தவர் வேண்டுமென்று கேட்டு ஒரு மாணவனையும் கூப்பிட்டிருந்தார்கள். பாவம், அவன் நீர்கொழும்புச் சிங்களப் பையன். தமிழில் வணக்கம் என்றதோடு அவனுடைய சரக்கு முடிந்துவிட்டது. ஒரு சின்னத் தீவில் இரண்டு மொழி இருக்கும் என்று அந்த அதிகாரி எதிர்பார்க்கவில்லை. இன்னொரு நாள் வைக்கலாமா என்று யோசித்தாள். நோயாளிக்கு நாள் இல்லை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் சோதியைப் பார்த்து, நீயே சொல், ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்றாள். குற்றம் செய்தவனையே நடுவில் இருத்தினால் எப்படியிருக்கும் என்று கேட்க அங்கே ஆளில்லை.

"இந்தக் கேள்விகளை உங்கள் கணவரிடம் யாராவது கேட்டார்களா? புள்ளடி போட்டது யார்?"

சோதி அதை அப்படியே தமிழில் கேட்டான். அதில் ஒரு பிசகும் இல்லை.

அகஸ்ரீனா வாசலில் நின்ற துவக்கைப் பார்த்தாள். பேசாலையில் ஆமி வீடு வீடாகக் கேள்வி கேட்ட காலத்தில் வளர்ந்தவள் அவள். சீருடை போட்டவன் யாரைப் பற்றிக் கேட்டாலும், அவர் நல்லவர், அவர் ஒன்றும் செய்யவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது. வேறு பதில் சொன்னால் ஒரு வீட்டில் விளக்கு எரியாது. அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

"அண்ணை, இவை உங்களைப் பிடிக்கத்தானே பாக்கினம்?" என்று மெல்லக் கேட்டாள்.

"அவ கேட்டதுக்குச் சொல்லு பிள்ளை."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இவர் எல்லாம் கேட்டவர். ஒவ்வொண்டா வாசிச்சுக் காட்டினவர். என்ரை மனுசன்தான் ஒண்டும் இல்லையெண்டு சொல்லித் தன்ரை கையாலை புள்ளடி போட்டவர். இவரிலை ஒரு பிழையும் இல்லை. இதை அப்பிடியே சொல்லுங்கோ." பிறகு அதிகாரியைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இத்தாலியனில், இவர் நல்லவர், மிக நல்லவர் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

சோதி அப்படியே சொன்னான். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வாய் சொல்லிக்கொண்டு போனது.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினாள். "இதைப் பதிந்தால் இவருக்கு எதுவும் கிடைக்காது. கணவரின் ஒப்பரேசனுக்குக் கொம்பனி பணம் தராது. அது தெரிந்துதான் சொல்கிறாரா? நன்றாக விளங்கப்படுத்திக் கேள்," என்றாள்.

மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியது. அகஸ்ரீனா, நான் சரியாகத்தானே சொன்னேன் என்பதுபோல அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னது உண்மையோ எண்டு கேக்கிறா, பிள்ளை," என்றான் சோதிலிங்கம்.

"மாதாவாணை உண்மை."

"தெரிந்துதான் சொல்கிறார்," என்று இத்தாலியனில் சொன்னான். காட்டின இடத்தில் அகஸ்ரீனா கையெழுத்து வைத்தாள்.

திரும்பி வரும்போது சந்தை வழியாக நடந்தார்கள். மீன்காரன் ஒருவன் வாள்மீன் தலையை நிமிர்த்தி வைத்துக் கூவிக்கொண்டிருந்தான். சோதி முன்னால் நடந்தான். அவள் எட்டி நடந்து பக்கத்தில் வந்தாள்.

"பாத்தியளே அண்ணை, நான் உங்களைக் காட்டிக் குடுக்கேல்லை."

"ஓம் பிள்ளை."

"துவக்கோடை நிண்டால் நான் பயந்து உளறிப் போடுவன் எண்டு நினைச்சவை. எனக்கு உதெல்லாம் புதிசே? இனி உங்களிலை பிழையில்லை எண்டு முடிஞ்சுது. பிழையில்லையெண்டாக் கொம்பனி கட்டத்தானே வேணும்?"

சோதி நடையை எட்டிப் போட்டான். கான் நிரப்புகிற சனம் ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நின்றது. இருவரும் ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது.

வீட்டில் குகனேஸ்வரி அவன் முகத்தைப் பார்த்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அவன் நாலு வார்த்தையில் சொன்னான். அவள் கேட்டதுதான் கிடைத்திருந்தது. பெட்டைகளுக்கு ஒன்றும் வராது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு அதைப் பிடித்தபடி நின்றாள்.

"காசு வராதெண்டு அவளுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"ஐயோ, என்ன மனுசனப்பா நீங்கள்," என்றாள். பிறகு, "நான் என்ன மனுசி," என்றாள். "அவளுக்குச் சோத்தைக் கொண்டு போய்க் குடுங்கோ. என்னாலை அந்தப் படியேற ஏலாது."

"நான் மாட்டன்."

யாரும் ஏற வேண்டியிருக்கவில்லை. முகம் கழுவி, சீலை மாற்றி, தலையை வாரிக்கொண்டு அகஸ்ரீனாவே இறங்கி வந்தாள். "எத்தினை நாளைக்கு அக்கா நீங்கள் எனக்காகப் படியேறுறது? இஞ்சையே இருந்து சாப்பிடுறன்," என்று சொல்லிக் கேசிகாவின் கதிரையில் உட்கார்ந்தாள்.

குகனேஸ்வரி போட்டுக் கொடுத்தாள். சோறு, சுரைக்காய் வெள்ளைக்கறி, பருப்பு, பொரித்த மிளகாய். அகஸ்ரீனா குனிந்து, குழைத்து, பெரிய பெரிய கவளமாகச் சாப்பிட்டாள். செய்தி வந்த நாளிலிருந்து அவள் இப்படிச் சாப்பிட்டு அந்த வீட்டில் யாரும் காணவில்லை.

"பின்னேரம் அவருக்கு ரெலிபோன் எடுக்கப் போறன் அக்கா. தங்கச்சி அவரின்ரை காதிலை பிடிச்சுக் குடுப்பாள். பயப்பிடாதையுங்கோ, எல்லாம் சரி வந்திட்டுது, சோதியண்ணை பக்கத்திலையே இருந்து பாத்தவர் எண்டு சொல்லப் போறன்."

சோதி சுவரோடு சாய்ந்து நின்றான். குகனேஸ்வரி கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ அக்கா," என்றாள் அகஸ்ரீனா. "இண்டைக்குத்தான் பசிக்குது."

குகனேஸ்வரி போட்டாள்.